வண்ணாரப்பேட்டை அங்கன்வாடியில் போடும் வீடியோவைப் பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று எப்படிச் சோதிப்பது? அமெரிக்கச் சிறுவர் டிவி நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’ குழு என்ன செய்தது?

சின்னப் பிள்ளைகளுக்கான டிவி அதற்கும் முந்தியது. பிபிசி 1950-களிலேயே ஒளிபரப்பியது. ஆனால் பாடத்திட்டம் வகுத்து, பிள்ளைகளிடமே சோதித்துத் திருத்தும் முறையை நிலைநாட்டியது 1969 நவம்பர் 10-இல் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’தான்.

அந்தக் குழுவின் ஆய்வாளர் எட்வர்ட் பால்மர் டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லைடு திரை வைத்தார். 7.5 வினாடிக்கு ஒரு படம் மாறும். பிள்ளையின் கண் எந்த நொடியில் டிவியை விட்டு நகர்கிறது என்று குறித்தார்கள். பொம்மைகளையும் மனிதர்களையும் ஒரே காட்சியில் சேர்க்காதீர்கள் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். சோதனையிலோ, மனிதர்கள் மட்டும் வரும் தெருக் காட்சிகளில்தான் கண் நகர்ந்தது! அந்த ஓட்டையை அடைக்கப் பிறந்ததுதான் ‘பிக் பேர்ட்’ என்ற பெரிய மஞ்சள் பறவைப் பொம்மை.

நீங்களும் செய்யலாம். டிவிக்குப் பக்கவாட்டில் படங்கள் தானாக மாறும் ஒரு செல்போன், சத்தமில்லாமல். ஒரு நேரத்தில் ஒரே பிள்ளை. இரண்டு பேரை உட்கார வைத்தால் ஒருவரையொருவர் பார்க்கலாம், கணக்கு கெடலாம். படம் மாறும் ஒவ்வொரு முறையும், பிள்ளை டிவியைப் பார்த்தால் 1, பார்க்காவிட்டால் 0. பல பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் 0 விழுந்தால் அந்தத் துண்டை வெட்டுங்கள். பார்த்தது புரிந்ததா என்பது வேறு சோதனை; அதைக் கேள்வி கேட்டுத்தான் அறிய வேண்டும்.