அம்மாவின் ஆறாத காயம்

அண்ணா,
மறதி நோய் வந்த அம்மம்மாவை நாலு வருடமாக அம்மாதான் தனியாகப் பார்க்கிறார். மீன் வெட்டும்போது கையில் பட்ட வெட்டு மூன்று கிழமையாகியும் ஆறவில்லை. சீனி வருத்தம் இல்லை. "சும்மா யோசிச்சு யோசிச்சுத்தான் ஆறுதில்லை" என்கிறார் மாமா. யோசனைக்கும் காயத்துக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகி, வெள்ளவத்தை

தங்கச்சி,

சம்பந்தம் இருக்கிறது, ஆனால் மாமா சொல்லும் விதத்தில் இல்லை.

அமெரிக்காவில் ஜனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் செய்து 1995இல் வெளியான ஆய்வு ஒன்று கிட்டத்தட்ட உங்கள் வீட்டுக் கதைதான். மறதி நோய்க்காரரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேர், அந்தச் சுமை இல்லாத, வயதும் வருமானமும் ஒத்த 13 பேர், எல்லாருக்கும் ஆய்வுக்கென்றே 3.5 மில்லிமீற்றரில் ஒரே மாதிரி ஒரு காயம் போட்டார்கள். காயம் கழுவும் ஐதரசன் பெரொட்சைட்டு விட்டும் நுரை வராத நாளைத்தான் ஆறிய நாளாக எடுத்தார்கள். பராமரிக்கிறவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடத் தேவைப்பட்டது.

காயம் பட்டதும் அந்த இடத்துக்கு வெள்ளை அணுக்களைக் கூப்பிட, இன்டர்லூக்கின்-1 போன்ற இரசாயனத் தூதுகள் வேண்டும். நித்திரை இல்லாமல், அம்மம்மா எப்போது கூப்பிடுவாவோ என்று காது கொடுத்தபடியே நாளைக் கழிக்கிற உடம்பில் மூளை சொல்லி சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பி கோர்ட்டிசோல் என்ற ஓமோனை விடுகிறது, அது அந்தத் தூதுகளை அமுக்கிவிடும். அந்தப் பெண்களின் வெள்ளை அணுக்களிலும் இன்டர்லூக்கின்-1 குறைவாகத்தான் உண்டானது. அதோடு நோயெதிர்ப்பு அணுக்கள் கூடியிருக்கும் மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் நரம்புகள் நேரடியாகவே போகின்றன (1980களில் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஃபெல்ட்டன் காட்டியது), ஆக நோயெதிர்ப்பு அணுக்கள் மூளைக்குத் தெரியாமல் தனியாக இயங்குகிறவை இல்லை.

நோயையும் கவலையையும் நாங்கள் வருத்தம் என்ற ஒரே சொல்லால்தானே சொல்கிறோம், மாமா அதில் குழம்பிவிட்டார் போல. அந்த 13 பேரும் கோழைகள் இல்லை, ஆளில்லாமல் வேலை செய்தவர்கள்.

ஆனால் அது 26 பேரை மட்டும் பார்த்த சின்ன ஆய்வு. எல்லாவற்றையும் கவலையின் தலையில் கட்டவேண்டாம். கிருமி பிடித்திருக்கலாம், நாள் முழுக்கக் கை தண்ணீரில் கிடப்பதும் காரணமாகலாம், எதற்கும் இந்தக் கிழமையே டொக்டரிடம் திரும்பக் காட்டுங்கள். அப்புறம், கிழமையில் இரண்டு இரவு அம்மம்மாவோடு யார் படுப்பது என்று மாமாவிடமே கேளுங்கள்.