ஊறுகாய்ச் சாடியில் புதுப் பாக்டீரியாவா? கேள்வி பதில்

காரைக்குடி, முதுகலை மாணவி: அண்ணே, புது லாக்டிக் அமில பாக்டீரியா தேடி, மாவடுச் சாடித் தண்ணீரை எம்ஆர்எஸ் அகாரில் (அந்த வகையை வளர்க்கும் ஊட்டக்கூழ்) பூசி மூணு நாளாச்சு. ஒரு காலனிகூட (பாக்டீரியாத் திட்டு) இல்லை.

பதில்: மாவடுவுக்குக் கல் உப்பை அள்ளிப் போட்டிருப்பாங்கம்மா. அந்த உப்பில் பழகியது உப்பில்லாத தட்டில் முளைக்காமல் போகலாம். 5% உப்பு சேர்த்த அகாரிலும் பூசுங்கள். பழைய சாடியில் உயிரோடு மிஞ்சுவதும் குறைவு. முள்ளங்கியை 2.5% உப்புநீரில் புதிதாகப் போட்டு 2, 5, 10ஆம் நாள்களில் மாதிரி எடுங்கள். முதலில் நுரை கிளப்புவது லியூகோனோஸ்டாக் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா. புளிப்பு ஏறியதும் பிளாண்டாரம் என்ற இனத்தின் வகையறா மேலோங்கும். ஒரே நாள் மாதிரியில் பாதி தப்பிவிடும்.

தேவகோட்டை: எல்லாக் காலனியும் வெள்ளையாகவே இருக்கு. எதை எடுக்க?

பதில்: அகாரில் 1% கால்சியம் கார்பனேட் கலந்து, காற்றுப்புகாமல் 30 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். அமிலம் விடும் காலனியைச் சுற்றிச் சுண்ணாம்பு கரைந்து தெளிந்த வளையம் தெரியும். அதை எடுத்து 3% ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டில் வையுங்கள்; குமிழி வந்தால் அது பெரும்பாலும் லாக்டிக் வகையல்ல, விட்டுவிடலாம். பல்குச்சியால் எடுங்கள். நிக்ரோம் கம்பியே சிலசமயம் குமிழி கிளப்பும், நல்ல காலனியைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

பள்ளத்தூர்: என் காலனியின் 16எஸ் (இனம் காண உதவும் மரபணு) வரிசை பெண்டோசஸ் என்ற இனத்துடன் 99.6% ஒத்துப்போகுது. அதுதானே?

பதில்: சொல்ல முடியாது தம்பி. பிளாண்டாரம், பெண்டோசஸ் இரண்டுக்கும் 16எஸ் 99%க்கு மேல் ஒன்றுதான். இரண்டையும் பிரித்துக் காட்டும் ரெக்ஏ மரபணுவைப் பாருங்கள். 2020இல் லாக்டோபேசில்லஸைப் பல பேரினங்களாகப் பிரித்ததில் இவை லாக்டிபிளாண்டிபேசில்லஸ் ஆகிவிட்டன. பழைய பெயரில் தேடிக் குழம்பாதீர்கள்.

கானாடுகாத்தான்: எனக்கு மிக நெருங்கிய இனத்தோடும் 16எஸ் ஒற்றுமை 97.9%தான் வந்தது. புது இனமென்று பேர் வைக்கலாமா?

பதில்: 98.7%க்குக் கீழே என்றால் நம்பிக்கை உண்டு. ஆனால் 16எஸ்ஸில் எத்தனை டிஎன்ஏ எழுத்து படித்தீர்கள்? 700 எழுத்தில் வந்த 97.9%க்கு மதிப்பில்லை, 1,400க்கு மேல் வேண்டும். வரிசை படித்த வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை முகடுகள் நிறைய இருந்தால் காலனி கலப்படம். தட்டில் மறுபடி கோடிழுத்துத் தனிக் காலனியாகப் பிரியுங்கள். அதுவும் சரியென்றால் முழு மரபணுத்தொகுதியையும் படியுங்கள். நெருங்கிய இனங்களின் மூலத் திரிபுகளோடு (இனத்துக்கு அடையாளமாக வைத்தவை) ஒப்பிட்டு ஏஎன்ஐ (மரபணுத்தொகுதிகளின் சராசரி ஒற்றுமை) 95%க்குக் கீழ், டிஜிட்டல் டிஎன்ஏ கலப்பு (கணினியில் கணக்கிடும் இன்னொரு ஒற்றுமை அளவு) 70%க்குக் கீழ் வந்தால்தான் புது இனம். பேர் அதிகாரபூர்வமாகச் செல்லுபடியாக, உயிர்த் திரிபை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைத்த சான்று வேண்டும். அந்தத் திரிபு சாகாமலிருக்க, 20% கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் இன்றைக்கே நாலு குப்பி போட்டுவையுங்கள்.