முகூர்த்தத்துக்கு நடுவே புதுச்சேரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

தை மாதம் என் மகள் கல்யாணம் புதுச்சேரியில். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை ஏழரை–ஒன்பது முகூர்த்தம். கோவையிலிருந்து உறவினர் நாற்பது பேர் வேன்களில் சனி விடியற்காலை வந்து இறங்குகிறார்கள், திங்கட்கிழமை திரும்புகிறார்கள். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் சுற்றிப் பார்க்க ஒரு பக்கக் குறிப்பு கொடுக்க நினைக்கிறேன். ஆரோவில், அரிக்கமேடு அகழாய்வு இடம், சுண்ணாம்பாறு படகு, பிச்சாவரம் அலையாத்திக் காடு, கடலில் சூரிய அஸ்தமனம் என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு என்ன சேர்க்கலாம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது சூரிய அஸ்தமனம். புதுச்சேரிக்குக் கடல் கிழக்கே. சூரியன் ஊருக்குப் பின்னால்தான் இறங்கும். போட்டோகிராஃபரும் கேட்பார், அவருக்கும் சொல்லிவிடுங்கள். கடலில் பார்க்க வேண்டியது உதயம், தையில் ஆறரை மணியை ஒட்டி. கல்யாணம் பௌர்ணமியை ஒட்டி விழுந்தால் மாலை ஆறு மணி வாக்கில் நிலா கடலிலிருந்து எழும். அடுத்த நாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும்.

கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு ஓய்வு கிடைப்பதே மதியம்தான். ஊர் கதவைச் சாத்துவதும் அப்போதுதான். மணக்குள விநாயகர் கோயில் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை நாலுக்குத்தான் திறக்கும். அரவிந்தர் ஆசிரமம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை மூடியிருக்கும் (மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள்). ஆகவே மதியத்துக்கு எதையும் போடாதீர்கள். சாப்பிட்டதும் மண்டபத்தில் பாயை விரிக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலைதான் உங்களுக்குச் சரியான நேரம். லாட்ஜில் அறை பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்குத்தான் கைக்கு வரும். மூட்டைகளை மண்டபத்து ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு நேரே கடற்கரைக்கு அனுப்புங்கள். மாலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். டிரைவருக்கு இது தெரியாவிட்டால் தடுப்பில் நின்று தகராறு நடக்கும். பெரியவர்களைத் துமாஸ் வீதியில் இறக்கிவிட்டால் அடுத்ததே கடல்.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், செஞ்சியிலிருந்து வந்தவை. அதன் அருகிலேயே 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம். ஆனால் கரையோரப் பாறைகளில் யாரையும் இறங்க விடக்கூடாது. அலை படும் மட்டத்தில் பச்சைப் பாசி மெல்லிசாகப் படிந்திருக்கும், காய்ந்த பாறை போலவே தெரியும், கால் வைத்தால் வழுக்கும். பாறைக்கும் பாறைக்கும் நடுவே விழுந்த செல்போனை எடுக்க முடியாது. தெற்கே துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் மணல் வரத்து நின்று கரை அரித்துப்போனது; அதனால் கொட்டிய கற்கள் இவை. வடபக்கம் மணல் திரும்பியிருக்கிறது, அங்கே உட்காரலாம், குளிக்க வேண்டாம்.

டிபனுக்குப் பிறகு ஒன்பது மணிக்கு ஆரோவில். அங்கே பொன்னிற உருண்டையாக நிற்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்கும் பாஸ் இலவசம். பார்வையாளர் மையத்தில் வாங்கிக்கொண்டு மரநிழலில் ஒரு கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். முடியாதவர்களுக்கு வண்டி உண்டு, பாஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். உள்ளே உட்கார பல நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும், கல்யாணக் கூட்டத்துக்கு அது ஒத்துவராது. ஞாயிறு மதியம் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அன்று பாஸ் மதியத்தோடு சரி.

அரிக்கமேட்டை விட்டுவிடலாம். 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டிய குழிகள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. நிற்பதெல்லாம் பிற்காலத்துச் செங்கல் சுவர். அங்கே கிடைத்த ரோமானிய ஜாடித் துண்டுகளும் மணிகளும் பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திங்கள் விடுமுறை.

ஞாயிறு நாலு மணிக்கு மேல் மகாத்மா காந்தி சாலை. அன்றைக்கு மட்டும் கூடும் சண்டே மார்க்கெட், துணியும் பாத்திரமும் நடைபாதை முழுக்க. கோவைக்காரர்கள் பேரம் பேசிக் களைத்தபின் கடற்கரைக்கு நடந்துவிடலாம். சுண்ணாம்பாறு படகுக்கு ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளம். பட்டுப்புடவையோடு அதில் நிற்பது பாவம்.

பிச்சாவரம் திங்களுக்கு மட்டும், அதுவும் கோவை திரும்பும் வண்டி இரவுக்கு இருந்தால். எழுபது கிலோமீட்டருக்கு மேல், போக இரண்டு மணி நேரம். காலை ஆறுக்குக் கிளம்பி முதலில் படகு, பத்தரைக்குள் சிதம்பரம். முன்பின் மாற்றினால் வெயிலில் துடுப்புப் படகு. படகில் நேரம் இழுத்தால் பூட்டிய கோயில் வாசல், நடராஜரை மாலைவரை பார்க்க முடியாது.

இன்னொன்று, மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு. பாட்டில் வாங்குவது அவர்கள் பாடு, வேனில் ஏற்றக்கூடாது. ஆரோவில்லுக்குப் போகும் வழியில் கோட்டக்குப்பமே தமிழ்நாடுதான். சோதனைச்சாவடியில் ஒருவர் பையில் அகப்பட்டால் மொத்த வண்டியும் நிற்கும், உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்கள் பெரியம்மா உட்பட. வேனுக்குப் புதுச்சேரி பெர்மிட் யார் எடுப்பது என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

குறிப்பை அழைப்பிதழோடு அனுப்பினால் பூஜை அறையில் போய்ச் சேரும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் வாட்ஸப்பில் போடுங்கள். மண்டபத்தின் முகவரியோடு பக்கத்துக் கோயிலோ பள்ளிக்கூடமோ ஒரு அடையாளத்தையும் எழுதுங்கள், ஆட்டோக்காரருக்கு வீதிப் பெயரைவிட அதுதான் புரியும். ஏறும் முன் வாடகையைப் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள், மீட்டர் போடமாட்டார்கள்.