லிகமென்ட்டை வளர்ப்பது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கபடி ஆடும்போது என் தம்பிக்கு முழங்காலில் ஏசிஎல் என்ற லிகமென்ட், அதாவது தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் நார், கிழிந்துவிட்டது. அவனுடைய தொடைத் தசைநாணிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வைப்போம் என்கிறார் டாக்டர். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றை வெட்டுவதா? ஆய்வகத்தில் பயோரியாக்டர் என்ற இயந்திரத்தில் லிகமென்ட் வளர்க்கிறார்கள் என்று படித்தேன். செல்லுக்குச் சத்து கொடுத்தால் தானாக வளராதா, இயந்திரம் எதற்கு? அதுவரை அவன் காத்திருக்கலாமா?

கலைவாணி

அன்புள்ள கலைவாணி,

சத்து மட்டும் போதாது. செல்லைப் பிடித்து இழுக்கவும் வேண்டும்; அதற்குத்தான் இயந்திரம்.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்மன், காப்லன் குழுவினர் 2002இல் வெளியிட்ட சோதனையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எலும்பு மஜ்ஜை செல்களைக் கொலாஜன் என்ற புரதக் கூழில் கலந்தார்கள். கூழை எப்படிப் பிடித்து இழுப்பது? இரு முனையிலும் துளைத்துளையான பவளத் துண்டுகளை வைத்தார்கள். கூழ் அந்தத் துளைகளுக்குள் புகுந்து இறுகிக்கொண்டது. எவ்வளவு அழகான யோசனை! அப்புறம் ஊட்டத் திரவத்துக்குள் வைத்து, முழங்காலுக்குள் ஏசிஎல் படும் பாட்டையே அதற்கும் கொடுத்தார்கள்: நீளவாக்கில் ஒரு இழுப்பு, கூடவே ஒரு முறுக்கு. நிமிடத்துக்கு ஒரு தடவை, மூன்று வாரம். லிகமென்ட்டுக்கென்று தனி வளர்ச்சிக் காரணி, அதாவது செல்லை வளரத் தூண்டும் பொருள், எதுவும் சேர்க்கவில்லை. ஆனாலும் செல்கள் நீண்டு, இழுத்த திசையில் வரிசைகட்டி நின்றன. லிகமென்ட்டுக்குரிய மரபணுக்கள் சுறுசுறுப்பாயின. செல்கள் எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ மாறும் அடையாளங்கள் தலைகாட்டவில்லை.

சிக்கல் வலுவில்தான். இளைஞர்களின் ஏசிஎல் அறுவதற்குச் சுமார் 2,160 நியூட்டன் விசை வேண்டும், அதாவது 220 கிலோ எடை தொங்குவது மாதிரி. கூழ் அதற்கு அருகில்கூட வராது. அதனால் அதே குழு பட்டு நூலுக்குப் போனது. நம் பட்டுச்சேலைக்கு நூல் தரும் அதே மல்பெரிப் பட்டுப்புழுதான். சாயம் போடுமுன் நூலை வேகவைத்துப் பசை எடுப்பார்களே, இங்கேயும் அதைச் செய்கிறார்கள். பசை இருந்தால் உடம்பு ஏற்காது. பிறகு கயிறு திரிப்பதுபோல் புரிபுரியாக முறுக்கி, அதன்மேல் செல்களை வளர்க்கிறார்கள். திசு தடித்துவிட்டால் ஆக்ஸிஜன் உள்ளே எட்டாது என்பதால் திரவத்தையும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தம்பி இதற்காகக் காத்திருக்க வேண்டாம். இப்படி வளர்த்த லிகமென்ட் வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. அவனுடைய தசைநாண் ஏற்கெனவே பல வருடம் இழுபட்டுப் பழகியது. முழங்காலுக்குள் வைத்த பிறகும் அது சுமைக்கேற்ப மெல்ல மெல்லத்தான் லிகமென்ட் போல மாறும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை, அவர் சொல்லும் அளவில், ஒரு நாளும் விடாமல் செய்யச் சொல்லுங்கள். மறுபடி கபடிக்கு எப்போது இறங்கலாம் என்பதை அறுவை செய்தவரிடமே கேளுங்கள்.