பெயரைத் திருத்திய பிறகும் பிங் போகவில்லையா?

பெயரை மட்டும் திருத்தினால் பிங் (ஒருவரைச் சுட்டியதும் அவருக்குப் போகும் அறிவிப்பு) போகாது. விக்கிப்பீடியா உரையாடலில் இன்னொரு பயனரின் பெயரை எழுத்துப்பிழையோடு இட்டு, பிறகு சரிசெய்ததாகச் சொல்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். பயனர் பக்க இணைப்பும் உங்கள் கையொப்பமும் (~~~~) ஒரே சேமிப்பில் புதிதாக வர வேண்டும். பழைய கையொப்பம் கணக்கில் வராது.

கீழே புது வரியில் அவரை மறுபடி சுட்டி, கையொப்பமிட்டுச் சேமியுங்கள். அதற்கு முன் விருப்பத்தேர்வுகளில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய், குறிப்பிட்டது வெற்றி, தோல்வி என்ற இரண்டையும் டிக் செய்யுங்கள். போனதா இல்லையா என்று உங்களுக்கே தகவல் வரும். இது இயல்பாகவே அணைந்திருப்பது எனக்கு வருத்தம்தான். பதில் வரவில்லையே என்று புதியவர்கள் மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

ஒரே சேமிப்பில் 50 பேருக்கு மேல் சுட்டினால் ஒருவருக்கும் போகாது. அவரே அறிவிப்பை அணைத்திருந்தால், அவருடைய பேச்சுப் பக்கத்தில் நேரடியாக எழுதிவிடுங்கள்.