நான்காவது மாட்யூல் வாங்கும் முன்

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய ஃபோர்டு பெட்ரோல் பக்கி (பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி). பாயிண்டை எடுத்துவிட்டு மேக்னெட்டிக் டிஸ்ட்ரிபியூட்டரும் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) நான்கு பின் இக்னிஷன் மாட்யூலும் போட்டிருக்கிறேன். காய்கறி ஏற்றிக்கொண்டு பைன்டவுன் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. இப்போது ஓடுவது மூன்றாவது மாட்யூல். என்ன செய்வது, அண்ணா?"

பக்கி என்ற பெயர் தமிழிலும் இந்த வண்டிகளுக்குப் பொருந்தும். பெட்ரோலை அப்படிக் குடிக்கும். சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய பாயிண்ட் செய்த வேலையை, அதாவது காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டி ஸ்பார்க் வரவைப்பதை, எலக்ட்ரானிக்காகச் செய்வதுதான் மாட்யூல்.

நின்ற இடத்திலேயே ஸ்பார்க் டெஸ்டர் மாட்டிப் பாருங்கள். ஸ்பார்க் பளிச்சென்று வந்தால் மாட்யூலைத் திட்டாதீர்கள். பெட்ரோல் லைனில் ஆவி அடைத்திருக்கலாம். ஸ்பார்க் இல்லையா? ஈரத் துணியைப் பிழிந்து மாட்யூலின் முதுகில் வையுங்கள், ஒயர் முனையில் தண்ணீர் படாமல். இரண்டு மூன்று நிமிடத்தில் வண்டி உயிர் பெற்றால் குற்றவாளி அதுதான்.

ஆனால் மாட்யூலை மாற்றி என்ன பயன்? அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஜிஎம் வண்டியில் அது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அலுமினியத்தின்மேல் இருக்கும். அந்த அலுமினியம்தான் சூட்டை வாங்கிக்கொள்ளும். பெயின்ட் அடித்த ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் டிரைவர் அறைக்கும் நடுவே இருக்கும் தகடு) திருகினால் சூடும் இறங்காது, எர்த்தும் சரியாகக் கிடைக்காது. இந்த மாட்யூலுக்கு எர்த் அந்தத் திருகு வழியாகத்தான். என்னிடம் வந்த ஒரு வண்டியில் ரப்பர் வாஷர் போட்டுத் திருகியிருந்தார்கள், அதிர்வு தாங்குமாம்!

பழைய ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் பட்டை பட்டையான அலுமினிய ஹீட் சிங்க் ஒன்று தேடுங்கள். முகத்தைச் சமமாகத் தேய்த்து, கணினி பிராசஸருக்குத் தடவும் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். தாராளமாக அப்பினால் சூடு கடத்துவது குறையும். ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் உறைக்குப் போடும் கிரீஸ் இதற்கு ஈடாகாது. புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளி, ஹெட்லைட் பக்கம் காற்று படும் இடத்தில் வைத்து, எர்த்துக்குத் தனி ஒயர் பேட்டரி நெகட்டிவ் வரை இழுங்கள். அங்கே கோடையில் வரும் தைப்பூச வெயிலில் பானட்டுக்குள் எப்படி இருக்கும் என்று டர்பன்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் சார்ஜிங். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கட்டும். 15-ஐத் தாண்டினால் முதலில் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள். இக்னிஷன் காயிலும் மாட்யூலுக்குப் பொருத்தமானதுதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நின்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து மாட்யூலுக்குச் சிக்னல் தரும் பிக்கப் காயிலை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். வண்டி நின்றவுடனே, கை சுடச் சுட அளக்க வேண்டும். ஆறிய பிறகு அளந்தால் நல்லதாகவே காட்டும்.