சிவில் என்றால் யாருக்கு எதிர்?

கேள்வி: ‘சிவில் சொசைட்டி’ என்று பேப்பரில் அடிக்கடி வருகிறதே. சொசைட்டி என்றாலே சமூகம்தானே, முன்னால் எதற்கு ஒரு சிவில்?
- வாசகர், மேலூர்

பதில்: எதிரே எது நிற்கிறது என்று பார்த்தால்தான் இந்தச் சொல் பிடிபடும். சிவில் சொசைட்டிக்கு எதிரே அரசாங்கம்: ஊர்ச் சங்கம், அறக்கட்டளை எல்லாம் அதில் சேர்த்தி, கலெக்டர் ஆபீஸ் சேராது. சிவில் கோர்ட்டுக்கு எதிரே கிரிமினல். சிவில் இன்ஜினியருக்கு எதிரே பட்டாளம். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோட்டை கட்டியவர்கள் ராணுவ இன்ஜினியர்கள். பாலமும் கால்வாயும் கட்டியவர்கள் தங்களைப் பிரித்துக் காட்ட வைத்துக்கொண்ட பெயர் அது. உங்கள் மேலூர் வயலுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வரக் காரணமான பென்னிகுயிக்கைச் சிவில் இன்ஜினியர் என்றே எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய அவர் பட்டாளத்து இன்ஜினியர். கர்னல் பட்டம் அங்கே வாங்கியதுதான்.

நம் பக்கம் இந்தச் சொல் படாதபாடு படும் இடம் போலீஸ் ஸ்டேஷன். வரப்புத் தகராறு, கைமாற்றுப் பாக்கி எதுவானாலும் முதலில் அங்கேதான் ஓடுகிறோம். “இது சிவில் மேட்டர்” என்று அவர்கள் சொன்னால் கோபம் வருகிறது. சொல்வது பெரும்பாலும் சரி. அதைச் சொல்லிவிட்டு இரு தரப்பையும் உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசுவதுதான் அநியாயம். அங்கே எழுதி வாங்கும் கையெழுத்து பட்டாவை மாற்றாது, கோர்ட் தீர்ப்பான டிக்ரியும் ஆகாது. இடையில் வழக்குப் போடும் கெடு ஓடிவிடும். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருஷம்தான். ஸ்டேஷனுக்கு அலைந்த மாதங்களைக் கோர்ட் கழித்துத் தராது. அந்த 3 வருஷத்துக்குள் கடன் வாங்கியவர் ஒரு தொகையைக் கொடுத்து, நோட்டின் பின்புறம் தன் கையால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து இன்னொரு 3 வருஷம் கிடைக்கும். கெடு முடிந்தபின் வரவு வைத்துப் பயனில்லை.

வரப்புக்குத் தாலுகா ஆபீஸில் மனுப் போட்டு, சர்வேயர் புலப்படத்தை (நிலத்தின் அளவு வரைபடம்) வைத்து அளந்து கல் நடட்டும். பக்கத்து நிலக்காரருக்கு நோட்டீஸ் போகாமல் அளந்தால் பின்னால் அந்த அளவை நிற்காது. அளந்த பிறகும் அவர் தகராறு செய்தால் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேளுங்கள். நட்ட கல்லைப் பிடுங்கினாலோ கை நீட்டினாலோ அது கிரிமினல். அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போங்கள், மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.